தபால் பை: தங்கச்சிமடத்தில் மடம் எங்கே?

‘உங்கள் ஊர்ப் பொது இடங்களைப் பற்றித் தபால்காரரிடம் கேளுங்கள்’ என்று ஆசிரியர் போன இதழில் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்கள் ஒரு சாக்கு இருக்கும். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று 34 வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தவனுக்கு, ஓய்வுபெற்ற பிறகு தன் பெயருக்கே இத்தனை கடிதம் வருவது ஒரு சுகம்தான். சிலவற்றுக்குத்தான் இங்கே இடம். மீதிப் பேர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகளைத் தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்து 12 வருஷமாகப் போய்வருகிறேன். மடம் எங்கே என்று சம்பந்தியைக் கேட்டால் சிரிக்கிறார். பக்கத்தில் அக்காள்மடத்திலும் மடத்தைக் காணோம். இருந்ததா, இல்லையா?
– வாசகி, பரமக்குடி

இருந்ததம்மா. சம்பந்தி பிறக்கும்போதே அதன் பிழைப்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அதற்கு முன்னால் ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபம் வரை நடையாகவோ மாட்டு வண்டியிலோ வந்து, தோணி ஏறிப் பாம்பனில் இறங்கி, மறுபடி மணலில் நடப்பார்கள். காசியிலிருந்து கங்கைத் தண்ணீர்ச் செம்போடு மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள் உண்டு. முறையாகச் சேது யாத்திரை செய்கிறவர்கள் உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்ற நவக்கிரகக் கற்களைச் சுற்றி, திருப்புல்லாணி, சேதுக்கரை முடித்து அப்புறம்தான் ராமேசுவரம் தீவுக்குள் கால் வைப்பார்கள். அவர்களுக்கு வழிநெடுகத் திண்ணையும் கிணறும் ஒரு வேளைச் சோறும் வேண்டும். மடமும் சத்திரமும் அதற்காக வந்தவை. மண்டபம் என்ற ஊர்ப்பெயரே யாரோ நடந்து வந்து களைத்து உட்கார்ந்த இடத்தின் பெயர்தானே!

சேதுபதி என்றாலே சேதுவைக் காக்கிறவர் என்றுதான் பொருள். அந்த மன்னர்கள் சத்திரத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு கிராமத்தையே அதற்கு எழுதி வைப்பார்கள். அந்தக் கிராமத்து நெல்லில் ஒரு பங்கு சத்திரத்து அடுப்புக்குப் போகும். மழை பொய்த்தால் அடுப்பும் பொய்க்கும், அது வேறு விஷயம். ராமநாதபுரத்து மழையை நம்பி அன்னதானம் எழுதியவர்களின் துணிச்சலை நான் இன்றைக்கும் வியக்கிறேன்.

அக்காள், தங்கச்சி யார் என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். விஜயரகுநாத சேதுபதி தன் மகள்கள் இருவரையும் தண்டத்தேவர் என்பவருக்கே கட்டிக்கொடுத்து, தீவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். மருமகன் யாத்திரைக்காரர்களிடம் வரி வாங்க ஆரம்பித்தாராம். சேதி தெரிந்த மாமனார், சிவனைப் பார்க்க வருகிறவனிடம் காசு பிடுங்குவது சிவத்துரோகம் என்று மருமகன் தலையை வாங்கச் சொன்னார். மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவைதான் இரண்டு மடமும் என்பது கதை. இதில் சரித்திரம் எத்தனை பங்கு என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் எங்கே வண்டியை நிறுத்திக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாலும் எனக்குத் தண்டத்தேவர் ஞாபகம் வந்துவிடும்.

சரி, மடம் எப்படிப் போனது? ரயில்தான். நடந்தவனுக்கு ஊருக்கு ஊர் திண்ணை வேண்டும். ரயிலில் வருகிறவன் உச்சிப்புளியைத் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவான், தங்கச்சிமடத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பான். ராமேசுவரத்தில் மட்டும் படுக்க இடம் கிடைத்தால் போதும். அதனால் வடநாட்டுக்காரர்களின் தர்மசாலைகள் எல்லாம் கோயிலைச் சுற்றிக் குவிந்தன, வழிச் சத்திரங்களின் அடுப்பு அணைந்தது. 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது எழுதி வைத்த கிராமங்களின் கணக்கும் மாறிப்போனது. அப்புறம் யார் கூரை மாற்றுவார்கள்?

எங்கள் அப்பாயி சாகும்வரை “மண்டபம் கேம்ப்பு, மண்டபம் கேம்ப்பு” என்று புலம்பும். கண்டிச் சீமையிலிருந்து வந்தபோது தங்கிய இடமாம். அது இப்போதும் இருக்கிறதா? எதற்காகக் கட்டினார்கள்?
– வாசகர், கோத்தகிரி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் தம்பி.

இருக்கிறது. கட்டியது உங்கள் அப்பாயி வந்ததற்கு அல்ல, அவருடைய அப்பா அம்மா போனதற்கு. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஆட்களை இங்கே இறக்கி, காலராவும் பிளேக்கும் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைப்பார்கள். அம்மை குத்துவார்கள். நாள் கணக்கு முடிந்ததும் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இருப்பது இந்திய மண்ணில், நடத்தியது இலங்கை அரசாங்கம்.

1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும் என்று கணக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆட்களை மூட்டை மாதிரிப் பிரித்த கணக்கு அது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதத்துக்குள் புயல் வந்து தனுஷ்கோடித் துறையே போய்விட்டது. அதற்கப்புறம் கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. போனவர்களை அடைத்து வைத்த அதே மண்டபத்தில் திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்து, குடும்ப அட்டையும் ரயில் சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். 1968ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்ததே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். உங்கள் குடும்பம் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த வழி அநேகமாக இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1978ல். அப்போதும் கப்பல் வந்துகொண்டிருந்தது, 1984 வரை ஓடியது. முகாமுக்குக் கடிதம் கொண்டுபோவது தலைவலி. கடிதம் வந்து சேர்வதற்குள் ஆள் கூடலூருக்கோ கொடைக்கானலுக்கோ போயிருப்பார். குழாயடியில் நின்று பெயரைச் சத்தமாக வாசிப்பேன். “அவங்க வெள்ளிக்கிழமையே போயிட்டாங்களே” என்று யாராவது சொல்வார்கள். எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இலங்கையில் 1983ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அதே குடியிருப்புகளில் அகதிகள் வந்தார்கள். 1984 கடைசியில் என்று ஞாபகம், ஒரு கிழவி என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, இங்கன ஒரு கிணறு இருந்துச்சே, மூடிட்டாங்களா?” என்றார். அன்றைக்குத்தான் வந்து இறங்கியவருக்குக் கிணறு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஏழெட்டு வயதில் முசிறிப் பக்கமிருந்து அப்பாவோடு தோட்டத்துக்குப் போனபோது இங்கே பத்து நாள் இருந்தாராம். தோட்டத்தில் அடி விழுந்து வவுனியாவுக்குப் போய், அங்கேயும் இருக்க முடியாமல் படகேறி, ஐம்பது வருஷம் கழித்து அதே வாசலில் இறங்கியிருக்கிறார். கிணற்றைத் தேடினோம், கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பத்து மணிக் கட்டு தாமதமாகி மெமோ வந்தது.

கீழக்கரை ஜும்ஆ பள்ளியைப் பார்க்கக் கூட்டிப்போன வெளியூர் நண்பர் கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்?
– வாசகர், தொண்டி

செருப்பைக் கழற்றியதில் தப்பில்லை, பள்ளிக்கும் அதுதானே மரியாதை!

கட்டிய தச்சர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கைக்குத் தெரிந்தது கல் தூணும் அதன் தலையில் உட்காரும் போதிகையும். உருவம் கூடாது என்றதும் பூவும் கொடியுமாகச் செதுக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டுவித்த பள்ளி என்பார்கள். உமறுப்புலவரை ஆதரித்தவர், கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்வது அவரைத்தான். நான் 8 மாதம் மாற்றலில் கீழக்கரையில் இருந்தபோது, வெயில் ஏறினால் பள்ளிப் பக்கத்து நிழலில் பையை இறக்கி வைப்பேன். “தபால்காரரே, மலேசியாக் கடிதம் உண்டா?” என்றுதான் முதல் குரல் வரும். அதற்கப்புறம்தான் தண்ணீர் வரும்.

வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று பிடிக்கிறார்கள். எங்கள் நூலகத்தில் காற்றுதான் வாங்குகிறது. எதற்கு இந்த வரி?
– வாசகர், உச்சிப்புளி

1948ல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு 10 காசு. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது நாம்தான், அந்தப் பெருமைக்காவது கொடுங்கள்.

காற்று வாங்குகிறது என்கிறீர்களே, எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எல்லாம் கரையில். அப்போது போய்ப் பாருங்கள். பேப்பரை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கும், அதுவும் தாளோடு சேர்ந்து கைமாறும். மற்ற மாதத்தில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள். வீட்டில் இடமில்லாமல் வருகிறவர்கள். நான் போகும் கிளையில் மழைக்கு ஒழுகும் மூலையை விட்டு மேசையை அவர்களே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வரியைக் கட்டுங்கள், ஒழுகுவதைப் பற்றி மனுவும் போடுங்கள்.

ஏர்வாடி தர்காவில் இன்னும் மனநோயாளிகளைக் கட்டி வைக்கிறார்களா?
– வாசகி, திண்டுக்கல்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். இப்போது தர்கா வளாகத்திலேயே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கலாம், துவாவும் ஓதிக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கூட்டிப்போவதானால் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

தனுஷ்கோடி மாதாகோயில் இடிபாட்டில் கல்யாணப் படம் எடுப்பது சரியா?
– வாசகர், விருதுநகர்

எனக்குப் பிடிக்காது. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் ஆட்களோடு கொண்டுபோன ஊர் அது. ரயில்வே, சுங்கம், துறைமுகம் என்று வேலை பார்த்தவர்கள் பூசை கண்ட இடம். சுவரைப் பாருங்கள், எல்லாம் பவளக் கல். இன்றைக்கு உயிருள்ள பவளத்தை உடைத்தால் சிறை. 2001லேயே அதை வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு சேர்த்துவிட்டார்கள். படம் எடுத்தே தீரவேண்டும் என்றால் சுவர் மேல் ஏறாமல் எடுங்கள். பக்கத்துக் குடிசையில் சங்கு விற்கும் அம்மாவிடம் ஏதாவது வாங்குங்கள். அந்த ஊரில் இன்னமும் ஆள் இருக்கிறார்கள் என்பதே பல பேருக்குத் தெரியவில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனதுண்டா? போனால் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், மதுரை

பார்க்க ஒன்றுமில்லை. 285 ஏக்கர் முள்ளும் மணலும். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருக்க ஆள் கிடையாது. வருஷத்தில் இரண்டு நாள், தவக்காலத்தில், இரண்டு கரையிலிருந்தும் படகு வரும். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், நம் யாத்திரைக்காரர்கள் பாஸ்போர்ட் விசா இல்லாமல் போய்வரலாம் என்று எழுதியிருக்கிறது. முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டும், சோதனை எல்லாம் உண்டு. போர்க்காலத்தில் பல வருஷம் நின்றுபோயிருந்தது.

நான் பிள்ளையார் கும்பிடுகிறவன். ஓய்வுபெறுவதற்கு முந்தின வருஷம், 2011ல், தங்கச்சிமடத்து நண்பர்கள் விசைப்படகில் இடம் இருக்கிறது என்றதும் ஏறிவிட்டேன். அப்போது பழைய சின்னக் கோயில்தான், புதுக்கோயிலை இலங்கைக் கடற்படை கட்டியது 2016ல். சிலுவைப்பாதை நடக்கும்போது பாதிப் பேர் பாதையைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்க முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுந்தீவில் கட்டிக்கொடுத்த தங்கை, யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்ட சித்தப்பா, இப்படி ஒவ்வொருவருக்கும் தேட ஒரு ஆள்.

என்னிடமும் ஒரு கட்டு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு ஆத்தா, “நீதான் தபால்காரனாச்சே, குடுத்துட்டு வா” என்று இரண்டு பாட்டில் தேங்காய் எண்ணெயும் ஒரு சேலையும் கொடுத்திருந்தார். பெயரும் ஊரும் மட்டும்தான், கதவு எண் எல்லாம் ஏது? பழைய பழக்கத்தில் கொடிமரத்தடியில் நின்று பெயரைச் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் தடவை ஒரு அம்மா கையைத் தூக்கினார். வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து ஓலைப்பெட்டியில் பனங்கட்டி எடுத்துக் கொடுத்தார். நாம் கருப்பட்டி என்போமே, அதேதான். ராமேசுவரத்தில் இறங்கியதும் சோதனைக்காரர் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு சில்லு உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, போங்கள் என்று கையைக் காட்டினார்.