பணமில்லாத பல்கலைக்கழக மாணவர்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் யாரை நம்பியிருக்கிறார்கள்?

பெரும்பாலும் கூடப் படிப்பவர்களைத்தான். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, கெடா மாநிலத்தில் பட்டம் முடித்தவன். இப்போது என் தங்கையும் வெளியூரில் படிக்கிறாள். அதை வைத்துச் சொல்கிறேன்.

அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் இருக்கிறதே என்பார்கள். அது இல்லையென்றால் நான் படித்தே இருக்க முடியாது. ஆனால் அந்தப் பணத்தில் முதலில் கட்டணம் கழியும், மிச்சம்தான் மாணவர் கைக்கு வரும். முதல் பருவத்தில் அது வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகிவிடும். அந்த நாள்களில் விடுதியில் யாரைப் பார்த்தாலும் "காசு விழுந்துடுச்சா?" என்றுதான் பேச்சு.

எங்களை அப்போது காப்பாற்றியது, வெளியே வாடகை வீட்டில் இருந்த ஒரு சீனியர் அண்ணன். பால் டின்னால் அரிசி அளந்து ரைஸ் குக்கரில் போடுவார். பொழுது சாய்ந்ததும் போன் வரும்: "சோறு மிஞ்சிப்போச்சுடா, வந்து முடிச்சுட்டுப் போங்க." மிஞ்சியதெல்லாம் இல்லை. எங்களுக்காகவே இரண்டு டின் கூடப் போட்டிருப்பார். நாங்கள் கொண்டுபோகும் நெத்திலிச் சம்பல்தான் குழம்பு.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து கேட்க வராது. வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அம்மா "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்மா" என்பதுதான் பதில். உண்மையைச் சொன்னால் செம்பனைக் குலை வெட்டும் அப்பா மறுநாளே தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் முன்பணம் கேட்டு நிற்பார் என்று பிள்ளைக்குத் தெரியும்.

2023-இல் அரசு கொண்டுவந்த 5 வெள்ளி (ரிங்கிட்) மலிவு விலை ரஹ்மா உணவு, வளாகங்களில் உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கி, மாணவர் நலப் பிரிவின் அவசர உதவி, எல்லாம் நல்லவைதான். தயங்காமல் போய்க் கேளுங்கள். ஆனால் நாலு பேர் பார்க்க வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தால், மிகவும் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் ஒதுங்கிப் போகும்.

ஊர்ப் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்ததும் கோயிலில் மாலை போட்டு லேப்டாப் கொடுக்கிறீர்கள். பெரிய உதவிதான். அதோடு நின்றுவிடாமல் மாதாமாதம் கொஞ்சம் கொடுங்கள். நம்மூர்க்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு பெரிய பாரமில்லை.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை இந்த ஆண்டு போகிறதென்றால், கிளம்பும் முன்பே வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொண்டுபோனது இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து, கேட்காமலே போட்டுவிடுங்கள்.