பிரம்பில்லாமல் 9ஆம் வகுப்பை அடக்க முடியுமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 9ஆம் வகுப்பில் 42 பேர். யாரையும் அடிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் மதியப் பீரியடில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

முடியும். ஆனால் அதற்கான வேலையில் பெரும்பகுதி, பையன் சேட்டை செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவும் இதுதான். அடங்கிய வகுப்பின் ஆசிரியரும் அடங்காத வகுப்பின் ஆசிரியரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கண்டிக்கிறார்கள். எந்த பெஞ்சில் என்ன நடக்கிறது என்று எந்நேரமும் தெரிந்து வைத்திருப்பதிலும், பாடத்தை இடையில் தொங்கவிடாமல் நகர்த்துவதிலும்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

மதியப் பீரியட் கெடுவது முதல் ஐந்து நிமிடத்தில். நீங்கள் உள்ளே வந்து, டஸ்டர் தேடி, 42 பேருக்கும் வரிசையாக அட்டெண்டன்ஸ் எடுப்பதற்குள் அவர்களுக்குள் நாலு கச்சேரி தொடங்கிவிடும். அதன் பிறகு அடக்குவது இரட்டை வேலை. மணி அடிக்கும்போதே வாசலில் நில்லுங்கள். உள்ளே போகிறவர்களைப் பெயர் சொல்லி அனுப்புங்கள். அதற்கு முன்பே போர்டில் மூன்று வரி வேலை எழுதியிருக்க வேண்டும்: நேற்றைய பாடத்திலிருந்து ஒரு படம், இரண்டு கேள்வி. அவர்கள் எழுதும்போது இருக்கைப் படத்தைப் பார்த்து, வராதவர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இருக்கைப் படம் அவசியம். ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்து பெயர்களை எழுதி நோட்டில் ஒட்டிவிடுங்கள். முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயரும் மனப்பாடம் ஆக வேண்டும். "ஏய், மூணாவது பெஞ்ச்" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், ஒருவனும் அடங்க மாட்டான். அதிகம் பேசுகிறவனை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைசி பெஞ்ச் அவனுக்குத் தனி ராஜ்யம். முதல் பெஞ்சில் போட்டாலோ, திரும்பிப் பார்த்தால் முழு வகுப்பும் அவனுக்கு ரசிகர் கூட்டம். இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய ஓரம்தான் சரி. கடைசி வரிசைக்குப் பின்னாலும் நீங்கள் நடக்க இடம் இருக்கட்டும். சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பெஞ்சை ஒரு அடி முன்னால் இழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பேச்சு தொடங்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் ஏற்றினால் அவர்களும் ஏற்றுவார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். ஐந்து விநாடி போதும். பிறகு விட்ட இடத்திலிருந்து, முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்த குரலில் தொடருங்கள். போர்டில் எழுதும்போது முதுகை முழுதாகக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள்.

ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை என்றால் பாடம் நடத்திக்கொண்டே அவன் பெஞ்சருகே போய் நில்லுங்கள். அவனைப் பார்க்க வேண்டாம். அதற்கும் மசியவில்லையா, பெயரைப் பாடத்துக்குள் செருகுங்கள்: "ஒளி அடர்குறை ஊடகத்திலிருந்து அடர்மிகு ஊடகத்துக்குப் போகும்போது, பிரகாஷ், குத்துக்கோட்டை நோக்கி விலகும்." கேள்வியாகக் கேட்க வேண்டாம். பதில் தெரியாமல் அவமானப்பட்டால் சண்டை வேறு திசையில் போகும். அடுத்த படி, குனிந்து அவன் காதுக்கு மட்டும்: "இங்கயே எழுதி முடிக்கிறியா, முன்னாடி வந்து எழுதுறியா? நீயே சொல்லு." சொன்னதும் உடனே நகர்ந்துவிடுங்கள். முக்கியமே இந்த நகர்தல்தான். 14 வயசுப் பையன் நாற்பது பேர் பார்க்க, ஆசிரியர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது பணிய மாட்டான். நீங்கள் முதுகைத் திருப்பினால் பத்து விநாடியில் நோட்டைத் திறப்பான். திறக்கும்போது ஏதாவது முணுமுணுப்பான். அது காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள்.

தண்டனை சின்னதாக இருக்கட்டும், ஆனால் தப்பக் கூடாது. உங்களால் யார் தயவும் இல்லாமல் அன்றைக்கே செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இடம் மாற்றுவது, எழுதாததை எழுத வைப்பது, போட்ட குப்பையை எடுக்க வைப்பது, மணி அடித்த பின் இரண்டு நிமிடம் நிறுத்திப் பேசுவது. சாப்பாட்டையோ பஸ்ஸையோ தவறவிடும்படி நிறுத்தாதீர்கள். "டி.சி. கொடுத்துடுவேன்" என்பது உங்கள் கையில் இல்லாத ஆயுதம், பையன்களுக்கும் அது தெரியும். ஹெச்.எம்.மிடம் அனுப்பினால் உங்கள் அதிகாரம் வாசலோடு முடிகிறது என்று அறிவித்ததாகும். ஒருவன் செய்ததற்கு மொத்த வகுப்பையும் நிற்க வைத்தால் மீதி 41 பேரும் அவன் கட்சி. பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும்படி வகுப்பு லீடரிடம் சொல்வது இன்னும் மோசம்: அவன் கூட்டாளிகள் பெயர் ஒருநாளும் வராது, பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறிக்கொண்டே போகும்.

முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, சாதியையோ அப்பாவின் தொழிலையோ இழுப்பது, இவையும் அடிதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அது 14 வயது வரைக்கும்தானே என்று கணக்குப் போட வேண்டாம். குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு 18 வயது வரை பொருந்தும்.

அப்பாவுக்கு போன் செய்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல வீடுகளில் உங்கள் போன் போன மறுநிமிடம் பெல்ட் இறங்கும். அது நீங்கள் இன்னொருவர் கையால் அடித்தது. அதனால் முதல் போன் நல்ல செய்திக்காக இருக்கட்டும்: "படம் நல்லா வரையுறான் சார்." புகார் சொல்ல நேர்ந்தால் வேலையையும் சேர்த்தே சொல்லுங்கள்: "அடிக்காதீங்க சார். ராத்திரி அரை மணி நேரம் நோட்டு எழுதுறானான்னு மட்டும் பாருங்க."

இரண்டாவது வாரம் முதல் வாரத்தைவிட மோசமாக இருக்கலாம். அடிக்கிற ஆசிரியரின் பீரியடில் அடக்கி வைத்ததையெல்லாம் உங்கள் பீரியடில் இறக்கி வைப்பார்கள். "அவர்கிட்ட சொல்லிடுவேன்" என்று அந்த ஆசிரியர் பெயரைச் சொல்லி மிரட்டினால் வகுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சும்மா பயத்துக்கு என்று பிரம்பை மேசையில் வைப்பதும் வேண்டாம். அடிக்க மாட்டீர்கள் என்று இரண்டு நாளில் கண்டுபிடித்து, அதை எடுத்து விளையாடுவார்கள்.

"என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவன் எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். "மணி அடிச்சதும் பேசலாம், உட்காரு" என்று சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்துப் பாடத்தைத் தொடருங்கள். பிறகு மறக்காமல் பேசுங்கள், வராண்டாவில், நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். முதலில் அவன் பேசட்டும். இரண்டு பேர் கைகலப்பில் இறங்கினால் மட்டும் குரலை முழுதாகத் திறக்கலாம்: இருவர் பெயரையும் சொல்லி, "விடு!" சுற்றி நிற்கிறவர்களை வெளியே அனுப்புங்கள், வேடிக்கை பார்க்க ஆளில்லாவிட்டால் சண்டை பாதி இறங்கிவிடும். வேறொரு பையனை அனுப்பிப் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விலக்குவதற்காகப் பிடிக்கலாம், விலகியதும் கையை எடுத்துவிடுங்கள். யார் முதலில் அடித்தது என்ற விசாரணையை அரை மணி நேரம் கழித்து, இருவரையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.