செர்ரித் தோட்டம் எப்படி நகைச்சுவை?

அன்புள்ள ஐயா,

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தன் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை ‘நான்கு அங்க நகைச்சுவை’ என்று குறிப்பிட்டிருக்கிறார். கடனில் பரம்பரைத் தோட்டம் ஏலம் போகிறது, கடைசியில் வயதான வேலைக்காரரை உள்ளே மறந்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. யாரும் சாகாமல் முடிந்தால் நகைச்சுவை என்று நோட்ஸில் இருக்கிறது. அது சரியா? அரிஸ்டாட்டிலின் வரையறைக்கு இது எப்படிப் பொருந்தும்?

எஸ்., குன்னூர்

அன்புள்ள எஸ்.,

அந்த ஏலத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன். முதலில் அந்த நோட்ஸைத் தூக்கிப் போடுங்கள். செகாவின் ‘கடற்பறவை’யும் நகைச்சுவை என்றே எழுதப்பட்டது, அது முடிவதோ ஓர் இளைஞன் தன்னைச் சுட்டுக்கொள்வதில். முதுகலை வரை வந்த பிறகும் நாடகத்தை நம்பாமல் நோட்ஸை நம்பினால் எப்படி அம்மா? அரிஸ்டாட்டில் இருக்கட்டும், நகைச்சுவை பற்றி அவர் சொன்னதில் நமக்குக் கிடைத்திருப்பதே சில வரிகள்தான்.

அழுததில் தப்பில்லை. இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே செர்ரித் தோட்டத்தைப் படித்துவிட்டு அழுதவர், 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் அதைச் சோகமாகத்தான் மேடையேற்றினார். செகாவ் நொந்துபோனார். 12 நிமிடத்தில் முடியவேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிடம் இழுக்கிறார்கள் என்று மனைவிக்கு எழுதினார். அந்த ஜூலையிலேயே இறந்தும் போனார்.

சோக நாடகத்தில் தப்பிக்க வழி கிடையாது. கிரேக்க நாடகத்து ஈடிபஸ் தன் விதியிலிருந்து விலகி ஓட எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அவனை அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. நகைச்சுவையில் வழி இருக்கும், அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்வார், கேட்கவேண்டியவர்கள் மட்டும் கேட்கமாட்டார்கள். செர்ரித் தோட்டத்தில் முதல் அங்கத்திலேயே வியாபாரி லொபாகின் சொல்லிவிடுகிறான்: நிலத்தை மனைகளாகப் பிரித்து, கோடை வீடு கட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள், வருடத்துக்கு 25,000 ரூபிள் வரும், பண்ணை கைவிட்டுப் போகாது. அதைக் கேட்டபின், தோட்டத்துக்காரி ரனெவ்ஸ்கயாவின் அண்ணன் கயேவ் என்ன செய்கிறார்? வீட்டிலிருக்கும் நூறு வயது புத்தக அலமாரியைப் பார்த்துச் சொற்பொழிவாற்றுகிறார். இரண்டாம் அங்கத்திலும் லொபாகின் சொல்கிறான், கெஞ்சுகிறான். வீட்டில் சாப்பாட்டுக்கே இழுபறி என்று தெரிந்தும் ரனெவ்ஸ்கயா வழிப்போக்கன் ஒருவனுக்குத் தங்கக் காசு கொடுக்கிறாள். ஏலம் நடக்கிற அன்றைக்கு வீட்டில் வாத்தியக்காரர்களை வைத்து நடன விருந்து! கடைசியில் கடனுக்கு மேல் 90,000 கொடுத்துத் தோட்டத்தை எடுப்பது அந்த லொபாகினேதான், அதே பண்ணையில் அடிமையாக இருந்தவரின் மகன்.

நம் மலையில் இருந்துகொண்டு இது புரியவில்லை என்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். கோத்தகிரிப் பக்கம் என் மாமாவுக்கு நான்கு ஏக்கர் தேயிலையும், மேட்டில் அவர் அப்பா வைத்த பேரி மரங்களும் இருந்தன. 2000 வாக்கில் பச்சை இலை விலை விழுந்து, ஃபேக்டரியில் கிடைத்த காசு பறிகூலிக்கே போதாமல் போனபோது, வங்கிக் கடன் ஏறிக்கொண்டே போனது. அவரிடம் கவாத்து வேலைக்கு வந்தவரின் மகன், அதற்குள் லாரி வைத்திருந்தவன், வாசலில் நின்றபடியே சொன்னான்: “ஐயா, மேட்டை மட்டும் கொடுத்திடுங்க, வீடும் தேயிலையும் தப்பிச்சிரும்.” மாமா அவனுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அப்புறம் அந்தப் பேரி எந்த வருஷம் எத்தனை கூடை காய்த்தது என்று அவனுக்கே சொல்ல ஆரம்பித்தார். கெடு முடிகிற வாரம் ஆள் வைத்துக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அத்தை சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள், நாங்கள் பிள்ளைகள் பெயிண்ட் வாளியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது அங்கே வரிசையாகக் காட்டேஜ்கள்.

என் மாமாவைப் போல அன்பான மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. தொல்காப்பியர் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல், இளமை, பேதைமை, மடன் (சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது) என்று நான்கு காரணம் சொல்கிறார். வலியே இருக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

நீங்கள் அழுத அந்த வேலைக்காரர் ஃபீர்ஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை யாரும் கொடுமைக்காக அடைத்துவைக்கவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்றா என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள், ‘காலையிலேயே சொல்லிவிட்டேன்’ என்று பதில் வருகிறது, யாரும் நான்கு எட்டு நடந்து போய்ப் பார்க்கவில்லை. ஆள்மாறாட்டக் கூத்தில் கடிதம் தவறிய கையில் போய்ச் சேருமே, அதே வேலைதான் இங்கேயும். ஒரு கிழவரின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேர்வில் உங்கள் ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. ஆனால் விடுமுறையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து நான்காம் அங்கத்தைச் சத்தமாக, நிறுத்தாமல், பெட்டி கட்டி ரயிலைப் பிடிக்கப்போகிறவர்களின் வேகத்தில் படியுங்கள். அழுகிற குரலில் யாராவது படித்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.