சம்பா ரவை கிச்சடி களியாகிறது என்று கேட்ட தேவகோட்டை ஆச்சிக்கு

வணக்கம் ஆச்சி. ஒரு டம்ளர் சம்பா கோதுமை ரவைக்கு நாலு டம்ளர் தண்ணீர், குக்கரில் மூணு விசில் என்று எழுதியிருக்கிறீர்கள். களியாவதற்கு அதுவே போதும். இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து, அடி கனமான வாணலியில் செய்யுங்கள்.

முதலில் ரவையைச் சலித்துவிடுங்கள். அடியில் தங்கும் மாவுதான் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு ஸ்பூன் நெய்யில், சிறு தீயில் ஆறேழு நிமிடம் வறுங்கள். வாசம் வந்து, கையில் எடுத்தால் சுட வேண்டும். நிறம் பார்த்து இறக்கினால் உள்ளே பச்சையாகவே இருக்கும்.

எண்ணெயில் சோம்பு, பட்டை, கறிவேப்பிலை தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், மூணு பச்சை மிளகாய், ஒரு தக்காளி வதக்குங்கள். கேரட், பீன்ஸை பட்டாணி அளவுக்கு நறுக்கிப் போட்டு, மஞ்சள்தூளோடு மூணு நிமிடம் பிரட்டுங்கள். தண்ணீர் ஊற்றி உப்பு போடுங்கள். வாயில் விட்டால் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கரிக்க வேண்டும், ரவை உப்பை இழுத்துக்கொள்ளும். தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவி, மூடி, சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம். நடுவே ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் திறக்காதீர்கள், உதிர்வது அந்தப் புழுக்கத்தில்தான்.

முந்திரி நமுத்துப்போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அது தாளிப்பிலேயே போடுவதால். தனியாக நெய்யில் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும்போது மேலே போடுங்கள். எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள, கத்திரிக்காயை வேகவைத்து மசித்துச் செய்யும் கோசமல்லி வையுங்கள், தேங்காய்ச் சட்னியைவிட இதற்கு அதுதான் பொருத்தம்.