மண் வீடு கட்ட ஐந்து வருஷப் படிப்பா?

அம்மா, மண் வீடு மாதிரி உள்ளூர்ப் பொருளில், ஊர் வெயிலுக்கேற்ற வீடு கட்ட உங்கள் மகள் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படிப்பதால் சேரத் தடை இல்லை. "மண் வீடு கட்டுறதுக்கு ஐந்து வருஷமா? மேஸ்திரியே கட்டுவாரே" என்று அவள் அப்பா கேட்கிறாராம். நியாயமான கேள்விதான்.

நம் சேலத்தில் ஏப்ரல் மாதம் இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரை உள்பக்கம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரிதான் அது வீட்டுக்குள் விடுகிறது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் காற்று நிற்க இடம் விட்டுக் கட்டினால் சூடு இறங்குவது குறையும். செங்கல்லும் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம். 'ராட் ட்ராப்' என்ற இந்தக் கட்டுமானத்தைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட். அதே வீட்டை ஏற்காட்டில் கட்டினால்? முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே தொல்லை ஈரம். கருங்கல் அடித்தளம் உயர வேண்டும், சரிவான கூரை சுவரைத் தாண்டி நீள வேண்டும், வெயிலை உள்ளே கூப்பிட வேண்டும். எந்தச் சுவர் எங்கே, எவ்வளவு கனம் என்று கணக்குப் போடத்தான் அந்த ஐந்து வருஷம். அப்புறம், உள்ளூர்ப் பொருள் என்றால் மண் மட்டுமில்லை. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல்லும் நமக்கு உள்ளூர்ச் சரக்குதான்.

வேலை இருக்கிறது. மின்சாரச் செலவைக் குறைக்க வணிகக் கட்டடங்களுக்கு 2007-லும் வீடுகளுக்கு 2018-லும் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. அதற்கேற்ப வரைபடத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும். ஆனால் முதல் சில வருஷச் சம்பளம் ஐ.டி. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும். பெரிய கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

'மண் வீடு' என்று தனிச் சான்றிதழ் தேடி அலையவும் வேண்டாம். ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட, 1972-ஆம் வருஷச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். அதற்குப் பட்டம் முக்கியம். மண் கல் அடிக்கக் கற்க, ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் குறுகிய காலப் பயிற்சிக்கு லீவில் போகலாம்.

தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்கு நேட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வை எழுதலாம்; அதுவும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் பாதிக்குப் பாதி. திருச்சி என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. மெயினில் பி.ஆர்க். தாள். கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தை விடுங்கள், மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள்.

பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் ஏதாவது சைட்டில் அவள் போய் நிற்கட்டும். வெயிலும் தூசியும் ஒத்துவரவில்லை என்றால் கவுன்சிலிங்குக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.