எல்லாம் இருக்கிற வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்புவது?

கேள்வி: எங்கள் மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூலையில் நானும் என் வீட்டுக்காரரும் எடின்பரோ போயிருந்தோம். மகளின் தோழியுடைய அப்பா அம்மா, ஹோட்டல் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லி, பத்து நாள் எங்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பெரிய பணக்காரர்கள், ஆனால் கொஞ்சமும் பந்தா இல்லாதவர்கள். ஒரு பவுண்டுகூட எங்களைச் செலவழிக்க விடவில்லை. ஒருநாள் நான் ரசம் வைத்தேன், அந்த அம்மா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் செய்முறை கேட்டார். இப்போது என் அண்ணன் மகன் ஐந்து வாரத்தில் அங்கே போகிறான். அவனிடம் என்ன கொடுத்தனுப்பலாம்? நாற்பதாயிரத்தில் வெள்ளிக் குத்துவிளக்கு, இல்லையென்றால் தாத்தா காலத்துப் பித்தளை விளக்கு என்கிறார் வீட்டுக்காரர். நாத்தனார் காஷ்மீர் சால்வை என்கிறார். அங்கேயே இருக்கிற மகளோ ஒரு வாட்ஸ்அப் போதும் என்கிறாள். எனக்கு அல்வாவும் பால்கோவாவும் அனுப்ப ஆசை. பத்தாயிரத்துக்குள் முடித்தால் நல்லது.
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. பத்து நாள் ஹோட்டலுக்கு என்ன ஆகியிருக்கும், சாப்பாட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்து, அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்துவிட்டால்தான் நிம்மதி என்று நினைக்கிறார். நாம் மொய் நோட்டு வைத்து வளர்ந்தவர்கள், யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துத் திருப்பிச் செய்வதுதான் நமக்கு மரியாதை. ஆனால் அந்த வீட்டில் உங்களுக்குச் செய்தது மொய் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் வெள்ளியைப் பிரித்துப் பார்த்ததும் அவர்கள் மனசில் முதலில் வருவது சந்தோஷமாக இருக்காது, ‘ஐயோ, இவ்வளவு செலவு செய்ய வைத்துவிட்டோமே’ என்கிற சங்கடம்தான் வரும். அடுத்த தடவை உங்களைக் கூப்பிடவே தயங்குவார்கள். நாள்தோறும் விளக்கேற்றுகிற வழக்கம் இல்லாத வீட்டில் அது அலமாரியில் கறுத்துக்கொண்டு நிற்கும் என்பது வேறு.

தாத்தா காலத்து விளக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது உங்கள் மகளுக்குச் சேர வேண்டியது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தாத்தாவின் அப்பா வாங்கியதாக இருந்தால் எளிதாக நூறு தாண்டியிருக்கும். விமான நிலையத்தில் வயசைக் கேட்டால் அண்ணன் மகன் என்ன பதில் சொல்வான்?

நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஸ்காட்லாந்துக்குச் சால்வை அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அந்த நாட்டின் தெற்கே ஹாயிக் மாதிரி ஊர்களில் காஷ்மீர் நூலில் பின்னுவதுதான் தலைமுறை தலைமுறையாகத் தொழில்.

அப்புறம் உங்கள் ஆசை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பால், பால் பொருள் எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் பால்கோவாவுக்கு வழியே இல்லை. நெய் சொட்டுகிற அல்வாவையும் அதோடு சேர்த்தே விட்டுவிடுங்கள், பையன் முதல் தடவை வெளிநாடு போய்ச் சுங்க மேஜைக்கு முன்னால் அல்வாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். விதை, துளசிக் கன்று மாதிரி எதுவும் கூடாது, செடிக்கும் விதைக்கும் அங்கே தனியாகச் சான்றிதழ் கேட்பார்கள்.

சரி, என்னதான் கொடுப்பது? நீங்கள் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சேரன்மகாதேவி ரோட்டில் போனால் பத்தமடை. பணம் இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் தங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்த்து நெய்த கோரைப் பாயை எடின்பரோவின் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து வாங்குகிறோமே, அதையேதான் சொல்கிறேன். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகப் பிளந்து, சாயம் ஏற்றி நெய்கிற அந்தப் பட்டுப் பாய் துணி மாதிரி மடிந்து பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று பத்தமடையில் பெருமையாகச் சொல்வார்கள், அதையும் மகள் அவர்களிடம் சொல்லட்டும், ரசிப்பார்கள்.

முழு அளவுப் பாய் வேண்டாம். நயமான பாய் என்றால் நெய்யவே வாரக்கணக்கில் ஆகும், உங்களுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, பட்ஜெட்டும் இடிக்கும். சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் நீளமாக விரிக்கிற மாதிரி சின்னதாகக் கேளுங்கள். பத்து நாள் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அதே மேஜையில் அது கிடக்கும். ஒருவேளை கைவேலைக்காரர்கள் நாள் போதாது என்றால் நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த மேஜை விரிப்பு வாங்குங்கள், அதுவும் அழகு. ஆனால் முதலில் பாய்க்கு முயற்சி செய்யுங்கள், அது உங்கள் ஆற்றுத் தண்ணீர் பட்டது.

தபாலிலோ கூரியரிலோ மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பரிசாகவே அனுப்பினாலும் 39 பவுண்டுக்கு மேல் மதிப்பு இருந்தால் அங்கே வரி போடுவார்கள், நம் காசில் நாலாயிரத்துச் சொச்சம்தான் அது. அந்த வரியைக் கட்டச் சொல்லி வாசலில் கேட்பது வாங்குகிறவரிடம். உங்கள் பரிசுக்கு அவர்கள் பணம் கட்டும்படி ஆகிவிடும். பையன் பெட்டியில் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை, பயணிக்கு 390 பவுண்டு வரைக்கும் சலுகை உண்டு.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் துடைத்துப் பெருக்க, படுக்கை மாற்ற ஒருவர் வந்திருப்பாரே? கிளம்பும்போது அவருக்கு ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்துவிட்டு வருவது அந்த மாதிரி வீடுகளில் தங்குகிறவர்களின் பழைய வழக்கம். விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை, ஒரு சுங்குடித் துப்பட்டா அவருக்கென்று தனியாகப் பெயர் எழுதி வையுங்கள். பத்து நாள் உங்கள் துணியையும் தட்டையும் தொட்டவர் அவர்.

மகளிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். நாம் பரிசை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வந்தவர் போன பிறகு பிரிப்போம். அவர்கள் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார்கள், அங்கே அதுதான் மரியாதை. அப்போது இவள் ‘சும்மா சின்னதுதான், ஒன்றுமில்லை’ என்று குறுக்கே பேசாமல், யார் நெய்தது, எந்த ஊர் என்று சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் போதும் என்கிறாளே, அதை மட்டும் கேட்காதீர்கள். தங்கிவிட்டு வந்த வீட்டுக்குக் கையால் நன்றிக் கடிதம் எழுதுவது பிரிட்டனில் இன்னமும் மதிக்கிற பழக்கம், பரிசு இல்லாமல் கடிதம் போனால் தவறில்லை, கடிதம் இல்லாமல் பரிசு போனால் குறைதான். பல வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கிப்போன ஒரு பெண் ஊருக்குப் போய் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டது, என் மாமியார் அவளுக்குத் தலை பின்னிவிட்டது என்று ஒவ்வொன்றாக. அந்தக் கடிதம் இன்னமும் என் பீரோவில் இருக்கிறது. அவள் என்ன பரிசு கொடுத்தாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள், கீழே மகள் ஆங்கிலத்தில் எழுதட்டும். ‘உங்கள் உபசரிப்புக்கு நன்றி’ என்று ஒரே வரியில் முடிக்காமல், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்ததே, அதை அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ரசம் செய்முறை, கைப்பிடி, சிட்டிகை என்று விடாமல் கரண்டிக் கணக்கில். பொடியை மகளே அங்கே மிளகு சீரகம் வாங்கி அரைத்துக் கொடுத்துவிடுவாள்.

பாய்க்காரரிடம் இந்த வாரமே போய்விடுங்கள். போகும் முன்பு அந்த இருவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெய்த பிறகு திருத்த முடியாது.