கேமிங் பழக்கமே இல்லாத துணையோடு சேர்ந்து ஆன்லைனில் விளையாட எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: தான் சின்ன வயதிலிருந்தே விளையாடுபவர். துணைக்கு அந்தப் பழக்கமே இல்லை. வேலை காரணமாக இருவரும் வெவ்வேறு ஊரில் இருப்பதால் மாலையில் சேர்ந்து விளையாட ஏதாவது வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் இது எங்கள் வீட்டுக் கதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரண்டு அண்ணன்மாரோடு வளர்ந்தவள். ப்ளேஸ்டேஷன் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கன்ட்ரோலருக்குச் சண்டை பிடித்தே கை பழகியது. என் கணவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர். போர் நடந்த தொண்ணூறுகளில் அங்கே கரன்ட் இல்லை. பட்டரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட பிள்ளைகள். வீடியோ கேம் என்ற ஒன்று அவருடைய சின்ன வயதில் இருக்க வழியே இல்லை. 2021இல் கல்யாணம். ஆறு மாதத்தில் அவருக்கு வங்கியின் வவுனியாக் கிளைக்கு இடமாற்றம் வந்தது. நான் கொழும்பில், வெள்ளவத்தை ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பெரும்பாலும் நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். எனக்குப் பிடித்த விளையாட்டுக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் என் தோழிகளின் அணியில் நாலாவது ஆளாகச் சேர்த்தேன். பரசூட்டில் இறங்கியதும் ஹெட்செட்டில் அவர் குரல்: "இது வானம் எல்லே? நான் எங்க நிக்கிறன்?" இடது பெருவிரலால் நடக்க வேண்டும், வலது பெருவிரலால் தலையைத் திருப்ப வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி. புதியவருக்கு ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே மறு கையால் தலையில் தட்டுவது மாதிரி. மனிதர் வானத்தைப் பார்த்தபடியே சுவரில் முட்டிக்கொண்டு நின்றார், சுடப்பட்டார், மிச்ச இருபது நிமிடமும் நாங்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இரவு இப்படி. மூன்றாம் இரவு, "நீர் விளையாடும், நான் தேத்தண்ணி வைக்கப் போறன்" என்று போனை வைத்துவிட்டார்.

துப்பாக்கிச் சத்தம் அவருக்குப் பழைய நினைவுகளைக் கிளறிவிட்டதாக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த நாள் தயங்கித் தயங்கி மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார். "சுடுறது பிரச்சினை இல்லை. எனக்கு நடக்கத் தெரியேல்லை. அதுதான் பிரச்சினை."

என் தேர்வு முறையே அன்றைக்கு மாறிவிட்டது. என் விரல்களில் இருபது வருடப் பழக்கம் இருக்கிறது. அது செல்லுபடியாகும் எந்த விளையாட்டிலும் அவர் என் பின்னால் இழுபடும் பெட்டிதான். ஆகவே நான் தேடியது சுலபமான விளையாட்டை இல்லை. என் பழக்கம் செல்லாக்காசாகிற விளையாட்டை.

முதலில் அகப்பட்டது கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் (2015). ஒருவர் திரையில் ஒரு வெடிகுண்டு இருக்கும். அதை அவர் மட்டுமே பார்க்கலாம். மற்றவரிடம் அதைச் செயலிழக்க வைக்கும் 23 பக்கக் கையேடு இருக்கும். அவர் குண்டைப் பார்க்கக் கூடாது. இருவரும் பேசிப் பேசியே நேரம் முடிவதற்குள் குண்டை அணைக்க வேண்டும். விளையாட்டை ஒருவர் வாங்கினால் போதும். கையேடு இணையத்தில் இலவசம். இரண்டாம் ஆளுக்குக் கணினியே தேவையில்லை, ஒரு போன் அழைப்பு போதும்.

உதாரணத்துக்கு, குண்டில் மூன்று வயர் இருக்கிறதென்று வையுங்கள். கையேடு சொல்லும்: சிவப்பு வயரே இல்லாவிட்டால் இரண்டாவதை வெட்டு. அப்படி இல்லாமல் கடைசி வயர் வெள்ளையாக இருந்தால் கடைசியை வெட்டு. அதுவும் இல்லாமல் நீலம் ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசி நீலத்தை வெட்டு. எதுவுமே பொருந்தாவிட்டால் கடைசி வயர். இதை வாசிக்க விரல் வேகம் எதற்கு? என் கணவர் வங்கிச் சுற்றறிக்கைகளைக் கரைத்துக் குடித்தவர். "இருந்தால், இல்லாவிட்டால், தவிர" என்று வரும் வாக்கியங்கள் அவருக்குத் தாய்மொழி. அவசரப்பட்டுப் பிழை விட்டது முழுக்க நான். மூன்று பிழை விட்டால் குண்டு வெடிக்கும், ஒவ்வொரு பிழைக்கும் கடிகாரம் வேறு வேகமாக ஓடும். "பதறாதேயும், முதல்ல எத்தனை வயர் எண்டு சொல்லும்" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்காகவே விளையாடலாம்.

இன்னொரு பகுதியில் விசித்திரமான குறிகள் வரும். அதற்கெல்லாம் பெயர் கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒன்று பலூன், ஒன்று சிரிக்கிற மூஞ்சி, ஒன்று கரப்பான். ஒரு கிழமையில் எங்களுக்கென்று ஓர் அகராதியே உருவாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. "குண்டில நேரம் முடியுது, சிவப்பை வெட்டவோ?" என்பது இலங்கையில் போனில் உரக்கச் சொல்லக்கூடிய வசனமில்லை. வவுனியாவில் பக்கத்து அறைக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, "தம்பி, எல்லாம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து குண்டுக்கு லட்டு என்று பெயர். "லட்டு உடையப் போகுது" என்றால் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. அது குறிகளுக்கும் கையேட்டுக்கும் பழக்கும், கன்ட்ரோலருக்குப் பழக்காது. துணைக்கு மெல்ல மெல்லக் கை பழக வேண்டும் என்றால் என் சிபாரிசு ஸ்டார்டியூ வேலி. 2016இல் எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்து வெளியிட்ட பண்ணை விளையாட்டு. 2018இல் பலர் சேர்ந்து விளையாடும் வசதி வந்தது. மேலேயிருந்து பார்க்கிற மாதிரிப் படம், அதனால் கமராவைத் திருப்பும் வேலை கிடையாது. நடந்தால் போதும். 500 எம்பி இடம்தான் கேட்கும், பழைய லேப்டொப்பிலும் ஓடும். தொடக்கத்தில் கையில் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 15 தருவார்கள். நட்டு, நீர் ஊற்றினால் நாலு நாளில் விளையும். கடையில் விதை 20 காசு, கிழங்கு 35 காசு.

வெங்காயமும் மிளகாயும் போட்ட வீட்டுப் பிள்ளை இவர். நான் குகைக்குள் வாளோடு அலைந்துகொண்டிருந்தபோது, எந்தப் பயிர் பருவம் முடிவதற்குள் எத்தனை முறை காய்க்கும் என்று கொப்பியில் கணக்குப் போட்டார். அங்கே ஒரு பருவம் 28 நாள், பருவம் மாறினால் நிற்கிற பயிர் பெரும்பாலும் செத்துவிடும். முதல் வசந்தத்தின் 26ஆம் நாள் நான் ஆசையாக விதை வாங்கி நட்டதைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை. பருவம் மாறியதும் எனக்கே தெரிந்தது. பண்ணைக் கடையில் பசளை தாராளமாகக் கிடைப்பதைக் கண்டு அவர் சொன்னதுதான் உச்சம்: "நாட்டில இஞ்ச மட்டும்தான் பசளை கிடைக்குது." பசளைத் தட்டுப்பாடு வாட்டிய 2022இல் இந்த வசனத்தின் எடை என்ன என்று இலங்கையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதே வருடம்தான் மின்வெட்டும். உச்சக்கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு ஒரு எழுத்து, அவருடைய பகுதிக்கு இன்னொரு எழுத்து, இரண்டின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து இரண்டு பேருக்கும் கரன்ட் இருக்கும் நேரத்தைத் தேடிப் பிடிப்பதே தனி விளையாட்டு. பண்ணை என் கணினியில் இருந்ததால் வெள்ளவத்தையில் கரன்ட் போனால் அவரால் உள்ளே போக முடியாது. இதை முதலிலேயே யோசியுங்கள்: யாருடைய இணைப்பு உறுதியானதோ அவர் கணினியில் பண்ணையைத் தொடங்குங்கள். கணினியில் ஆன்லைனில் விளையாட இருவரும் தனித்தனிப் பிரதி வாங்க வேண்டும். சேர்ந்து விளையாடும்போது பையைத் திறந்து வைத்தாலும் நேரம் நிற்காது, ஒரு நாள் ஏறத்தாழ 14 நிமிடத்தில் ஓடிவிடும். இருவரும் படுக்கைக்குப் போனால்தான் அடுத்த நாள் விடியும். "வந்து படும்" என்று வவுனியாவிலிருந்து தினமும் அதட்டல் வரும். மீன் பிடிப்பதை மட்டும் புதியவரிடம் கொடுக்காதீர்கள். அது கைக்கு எரிச்சல் தரும் வேலை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் சொல்வது இட் டேக்ஸ் டூ. 2021இல் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது, இருவர் மட்டுமே விளையாடுவது, ஒருவர் வாங்கினால் மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸில் இலவசமாகச் சேரலாம். அருமையான விளையாட்டுத்தான். இருந்தாலும் முதல் விளையாட்டாக வேண்டாம் என்பேன். ஓட வேண்டும், தாவ வேண்டும், கமராவையும் திருப்ப வேண்டும். பழைய வானம் பார்க்கும் பிரச்சினை திரும்பி வரும். விழுந்தால் உடனே எழுப்பிவிடுவதால் தண்டனை இல்லை, அது உண்மை. ஆனாலும் பதினைந்து தடவை விழுந்தவருக்குத் தண்டனை இல்லை என்பது ஆறுதலாக இருக்காது. பண்ணையில் ஒரு ஆறு மாதம் கழித்து, அவர் லீவில் வந்து நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினோம். அப்போது சரியாக இருந்தது. கதை விவாகரத்துக்குத் தயாராகும் தம்பதியைப் பற்றியது, அதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். 50 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும். இங்கே பல இணையப் பேக்கேஜ்களில் இரவு டேட்டா தனியாக உண்டு, டவுன்லோடை அதில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கணினியே இல்லை, இரண்டு போன்தான் என்றால் ஸ்கை: சில்ட்ரன் ஒஃப் த லைட். இலவசம். அதில் ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்துக்கொண்டால், பிடித்தவர் எங்கே பறந்தாலும் மற்றவரும் கூடவே போவார். புதியவர் எதையும் அழுத்தாமல் சும்மா பார்த்துக்கொண்டு வரலாம். மனம் வந்தால் கையை விட்டுவிட்டுத் தானே பறந்து பார்க்கலாம். லூடோ, கரம் செயலிகளும் இருக்கின்றன, தாராளமாக விளையாடலாம், அதற்கு என் ஆலோசனை தேவையில்லை.

ஓவர்குக்ட் என்ற சமையல் விளையாட்டைத் தம்பதிகளுக்கு யார் சிபாரிசு செய்கிறார்களோ தெரியாது. சமையலறை இரண்டாகப் பிளக்கும், கடிகாரம் ஓடும், "வெங்காயம் எங்கே" என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கத்த வேண்டும். இதற்கு வீட்டுச் சமையலறையே போதாதா?

எந்த விளையாட்டானாலும் கன்ட்ரோலரைப் பறித்து "இங்க தா, நான் தாண்டித் தாறன்" என்று செய்யாதீர்கள். இந்த ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அதை அடக்க உதவியது இவர் எனக்கு 304 பழக்கிய கதை. யாழ்ப்பாணத்துக் கடுதாசி (சீட்டு) விளையாட்டு. அதில் ஜாக்தான் பெரியது, 30 புள்ளி. அடுத்தது 9, அதற்கு 20. ஆஸ் அதற்கும் கீழே, ராசாவுக்கு வெறும் 3. இவருடைய அண்ணன்மார் நடுவில் உட்கார்ந்து, என் ராசாவைப் பெருமையாக இறக்கி, ஒரு ஒன்பதிடம் பறிகொடுத்தேன். மேசையே சிரித்தது. ஒன்பது ராசாவை வெல்லும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். "எந்த பட்டன்?" என்று உங்கள் துணை ஐந்தாம் முறை கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். வேலை முடிந்து வந்தவருக்கு நாற்பது நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்கும்போது நிறுத்துவது நல்லது. வேகமான விளையாட்டு என்றால் சர்வர் பட்டியலில் நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூர் அல்லது மும்பையைத் தேர்ந்தெடுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் நமக்கு விலை டொலரில்தான் காட்டும், ஆகவே தள்ளுபடிக் காலம் வரும்வரை பொறுத்திருங்கள். வாங்கும் முன் உங்கள் கார்ட் வெளிநாட்டுக் கொடுப்பனவை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது இவர் கொழும்புக்கே மாற்றலாகி வந்துவிட்டார். இட் டேக்ஸ் டூ செய்தவர்களின் அடுத்த விளையாட்டான ஸ்ப்ளிட் ஃபிக்ஷனை (2025) தள்ளுபடியில் வாங்கி வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு பிரதி போதும். தொடங்கலாமா என்று கேட்டால், பண்ணையில் பூசணி முற்ற இன்னும் நாலு நாள் இருக்கிறதாம், அது முடியட்டுமாம்.